பாதிச் சாலை மறைந்தபோது வண்டியை நிறுத்தியவர்

அந்தோணிசாமி அண்ணன் மறைந்த செய்தியை அவர் மகள் பிலோமினாதான் தொலைபேசியில் சொன்னாள். "சித்தப்பா, அப்பா காலைல போயிட்டாருங்க. தூக்கத்துலயே." கம்பைநல்லூருக்குப் போய், குழியில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தேன். அங்கே வந்திருந்த பலரும் அவரைப் பேருந்துப் பணிமனை மெக்கானிக்காகவே அறிந்தவர்கள். அதற்கு முன் அவர் ஓட்டுநராக இருந்தார். ஸ்டீரிங்கை ஏன் விட்டார் என்பதைச் சொல்ல இப்போது நான்தான் மிச்சம்.

அறுபதுகளின் கடைசியில், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் தனியார் பேருந்தில் அவர் ஓட்டுநர், நான் நடத்துநர். என்னைப் 'பாய்' என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் மலையிறக்கத்தில், வளைவுக்குச் சற்று முன்பே வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். "பாய், சக்கரத்துக்குக் கல்லு வைங்க. எனக்கு ரோட்டுல பாதி காணோம்." இடப்பக்கம் ரம்பப் பல் போல ஒரு வெளிச்சம் மினுக்கிக்கொண்டே நகர்கிறது, மைல்கல்லில் பாதி எழுத்து இல்லை, விரல் நுனி மரத்துப்போகிறது என்றார். "தண்ணி போட்டிருக்கான்!" என்று பயணிகள் கூச்சலிட்டார்கள். நானும் அவர் வாயருகே மூக்கைக் கொண்டுபோனேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது. வெற்றிலை வாசனைகூட இல்லை.

அரை மணி நேரத்தில் பார்வை திரும்பியது. உடனே வலது பொட்டில் சம்மட்டி அடிப்பதுபோல் வலி. வாந்தி எடுத்தார். துண்டால் கண்ணை மூடிக்கொண்டு, "பேசாதீங்க பாய், சத்தம் குத்துது" என்றார். பயணிகளை அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் முதலாளியிடம் புகார் போயிருந்தது. குடிக்கவில்லை என்று நான் சத்தியம் செய்தேன். அண்ணனோ தனக்காக வாதாடவே இல்லை. "குடிக்கலீங்க. ஆனா என்னான்னு எனக்கே தெரியல. தெரிஞ்சுக்காம வண்டியத் தொட மாட்டேனுங்க," என்றார். முதலாளி அவரைப் பணிமனையில் குறைந்த சம்பளத்துக்குப் போட்டார். மூன்று பிள்ளைகள் இருந்த வீடு அது.

தருமபுரியில் ஒரு பெண் மருத்துவரிடம் நான்தான் அழைத்துப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க அம்மாவுக்கு இருந்துச்சா?" என்றார். அண்ணன் திகைத்துப்போனார். "மாசத்துக்கு ஒருக்கா எங்காத்தா ஈரத்துணி கட்டிக்கிட்டு இருட்டுல படுத்துக்குமுங்க. காத்து புடிச்சிருக்குன்னு வேப்பிலை அடிச்சாங்க."

"காத்தும் இல்ல, கருப்பும் இல்ல. இது ஒத்தத் தலைவலி. குடும்பத்துல வர்றது. சில பேர் மூளையச் சின்ன விஷயம்கூடச் சீண்டிரும். எது சீண்டுதுங்கறது ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்கு எதுன்னு நீங்கதான் கவனிக்கணும்," என்றார் மருத்துவர். திடீரென இடி விழுந்தாற்போல் வலித்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கை கால் விழுந்தாலோ உடனே வரவேண்டும் என்றும் எச்சரித்தார்.

திரும்பும் வழியிலேயே அண்ணன் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கினார். வலி வந்த நாள், முந்தின நாள் சாப்பாடு, தூக்கம், வெயில் எல்லாம் அதில் ஏறின. முதலில் கத்தரிக்காயைச் சந்தேகித்தார். ஒரு மாதம் அதைச் சாப்பிடாமல் விட்டும் வலி வந்தது. பிறகு அமாவாசையை, அதுவும் பொய்த்தது. "பாய், இதுவும் இஞ்சின் மாதிரிதான். சத்தம் வர்ற எடத்துல கோளாறு இருக்காது," என்பார். குற்றவாளி ஒன்றல்ல என்பது புரிய ஒரு வருடம் ஆனது. பல வலிகள் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தன. அன்று நேரம் கழித்து எழுவார். மாதா கோயிலில் பூசை முடியும்வரை டீகூடக் குடிக்கமாட்டார். நீண்ட தூக்கமும் வெறும் வயிறும் சேர்ந்துகொள்ளும். இன்னொன்று சாலையோரப் புளியமரங்கள். மாலை வெயிலில் அவர் வீடு திரும்பும் வண்டி அவற்றினூடே ஓடும்போது வெளிச்சமும் நிழலும் மாறி மாறிக் கண்ணில் அடிக்கும். அந்த மரங்களில் பேய் இருப்பதாகப் பயணிகள் சொல்வதுண்டு. "பேய் இல்ல பாய், வெயிலு," என்று ஏதோ புதையல் எடுத்தவர்போல் சிரித்தார். வலிக்கு முந்தின நாளே காரணமில்லாமல் கொட்டாவி வருவதையும் கண்டுபிடித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஹாரன்'.

நேரத்துக்குச் சாப்பிட்டு, ஒரே நேரத்தில் தூங்கி எழுந்து, வலியை மிகவும் குறைத்துவிட்டார். முதலாளியே மறுபடி ஓட்டக் கூப்பிட்டார். அண்ணன் மறுத்துவிட்டார். "கொறஞ்சிருக்குதுங்க, நிக்கல. அம்பது பேர ஏத்திக்கிட்டு வளைவுல அதச் சோதிச்சுப் பாக்க முடியாதுங்க." அன்று அவர் முகத்தில் இருந்த ஏக்கத்தை நான் மட்டும் பார்த்தேன்.

எழுபதுகளில், பென்னாகரம் பேருந்து நிலையத்தில் கடலை விற்ற முனியம்மா என்ற பெண் அடிக்கடி தலைவலியில் சுருண்டு படுத்துவிடுவாள். ஒரு நாள் அவளைப் பூசாரியிடம் கூட்டிப்போக அவள் புருஷன் வந்து நின்றான். அண்ணன் அருகே போய், "ஏம்மா, வலிக்கு முன்னால கண்ணுல வெளிச்சம் கோணல் மாணலா ஓடுதா?" என்று கேட்டார். அவள் தலையைத் தூக்கினாள். "ஒங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?" கேட்டுவிட்டு அழுதாள். "நான் கெட்ட எதையோ பாக்குறேன்னு யாருகிட்டயும் சொல்லலீங்க." அவள் புருஷன் பூசாரியிடம் போகவில்லை, அண்ணனோடு தருமபுரிக்கு வந்தான்.

போன வருடம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். இன்னும் வருகிறதா என்று கேட்டேன். "வலி போயிருச்சு பாய். எப்பவாச்சும் அந்த வெளிச்சம் மட்டும் வருது. டாக்டரும் பாத்துட்டாரு, பயமில்லயாம். பேசாம ஒக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன். வலி இல்லாம பாத்தா நல்லாத்தான் இருக்குது," என்றார்.

அவருடைய நோட்டு பிலோமினாவிடம் இருக்கிறது. அவளுக்கும் இந்த வலி உண்டு. என்னிடம் இருப்பது அவரிடம் கற்ற ஒரு பழக்கம் மட்டும். தலைவலி என்று யார் சொன்னாலும் மாத்திரையை நீட்டுவதற்கு முன் கொஞ்சம் உட்கார்ந்து, எந்தப் பக்கம், எப்போதிருந்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறேன். சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடுவதில்லை.