கேட்டுக்கு இந்தப் பக்கம் பசு, அந்தப் பக்கம் கன்று

புத்தூரில் வாங்கிய மாட்டை ஓட்டிவர நைனா, நான், ஆட்டோ ஓட்டும் மாமா, மூன்று பேர் போனோம். அம்மா வரவில்லை. வீட்டில் மாடு பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அன்றைக்குப் பார்த்து நாற்று நடப் போய்விட்டாள்.

சத்தியவேடு பக்கத்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு மாடு வளர்க்கிறேன் என்று நின்றவன் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். நைனா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "கயித்த யார் கையிலயும் குடுக்காம ஊட்டாண்ட இட்டுக்கினு வா. முடியலன்னா திங்கக்கெழம கம்பெனி பஸ் ஏறு."

புத்தூரிலிருந்து எங்கள் ஊர் நடக்கிற தூரம்தான். மினிவேனுக்கு எண்ணூறு கேட்டார்கள். "கன்னுக்குட்டி முன்னால போனா தாய் பின்னாலயே வரும். வேன் எதுக்கு?" என்று நைனா கன்றோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆட்டோ ஊர்ந்தது, பசு மோந்துகொண்டே வந்தது, நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜம்மென்று நடந்தேன். ரயில்வே கேட் வரைக்கும்.

கேட் இறங்குவதைக் கண்டால் எங்கள் பக்கத்து ஆட்டோக்காரர்களின் கால் பிரேக்குக்குப் போகாது. மாமாவும் பழக்கதோஷத்தில் முறுக்கினார். கன்றும் நைனாவும் அந்தப் பக்கம். பசுவும் நானும் இந்தப் பக்கம்.

பசு அலறிக்கொண்டு கேட்டுக்கு அடியில் தலையை நுழைத்தது. நான் இழுத்தேன், அது என்னை இழுத்தது. செருப்பு அறுந்தது. அங்கிருந்து நைனா, "வுட்டுடாதடா! மாடு போச்சுன்னா நீயும் ஊட்டுக்கு வராத!" என்று கத்தினார்.

இழுப்பதை நிறுத்திவிட்டு, கழுத்துக்கு அடியில் தொங்கும் சதையைச் சொறிந்தேன். பசு சொகமாகக் கழுத்தை நீட்டியது. நீட்டிய வாய், பக்கத்தில் நின்ற கீரைக்கார அக்காவின் கூடையில் போய் இறங்கியது.

"அடப்பாவி! சொறிஞ்சிக்கினே என் பொழப்ப துன்ன வுடுறியே!"

"துன்னட்டும்க்கா. கூடை மொத்தமும் நானே வாங்கிக்கிறேன். நகராத, உன் கால்ல வுழறேன்."

"இன்னாப்பா, மாடு ஓட்டிக்கினு போறியா, பொண்ணழைச்சிக்கினு போறியா?" என்று சிரித்து, கூடையை இன்னும் வாகாகச் சாய்த்துப் பிடித்தாள்.

வந்தது கூட்ஸ் வண்டி. அது போய் முடிவதற்குள் முளைக்கீரை, சிறுகீரை, கொத்தமல்லி எல்லாம் முடிந்து ஈரச்சாக்குதான் மிச்சம்.

கேட் தூக்கியதும் பசு ஓடிப்போய்க் கன்றை நக்கியது. கயிறு என் கையில்தான் இருந்தது. நைனா அதைப் பார்த்தார். "எனக்கு ஒரு கட்டு கீர மிச்சம் வச்சியா, அதுவும் துன்னுட்டுதா?" என்றார். திங்கட்கிழமை பஸ் பேச்சு அதோடு நின்றது.

கீரைக்கு அறுநூறு, சொந்தமென்று பார்க்காமல் மாமா வாங்கிய ஆட்டோ வாடகை முந்நூறு, செருப்புக்கு இருநூற்றைம்பது. வேன் காசை மிச்சம் பிடித்ததில் எங்களுக்கு ஆன செலவு ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய்.