எருமைத்தோல் சீட் போட்ட சேற்று வண்டி

சஃப்ரீனுக்கு ஆறுமுகநயினார் ஐந்நூறு ரூபாய் தர வேண்டியிருந்தது. தரமாட்டேன் என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்ட கடன் அது.

ஐந்நூறு அவருக்கு ஒரு காசா? மூணாம் வகுப்போடு மும்பை தாராவியில் வந்து இறங்கி, அடுத்தவன் பட்டறையில் தோலுக்குப் பசை தடவி, இன்றைக்குச் சொந்தமாக நாலு தையல் மிஷின் ஓட்டுகிற மனுஷன். ஒருத்தன் கைதூக்கி விட்டதில்லை. மழைக்காலத்தில் தோல் வேலை மந்தம். சும்மா இருப்பானேன் என்று ஐம்பத்தாறு வயதில் பழைய டர்ட் பைக் ஒன்றை வாங்கினார். பன்வேல் தாண்டி ஒரு மைதானம். ஞாயிறானால் ஆபீஸ் பிள்ளைகள் அங்கே சேற்றில் வண்டி ஓட்ட வருவார்கள். இருபது நிமிஷத்துக்கு ஐந்நூறு வாடகை.

வண்டியைச் சீர்செய்ய மனைவி ஆறுமுகத்தாய் தன் சீட்டுப் பணம் இருபதாயிரத்தைக் கொடுத்தாள். "மழை முடியறதுக்குள்ள பாதியாவது திரும்பி வரணும். இல்லேன்னா வண்டிய வித்துருவேன், பாத்துக்கிடுங்க."

அவர் முதலில் வாங்கியது ஒன்பதாயிரத்துக்கு ஒரு சைலன்சர். உறுமினால் வயிறு அதிரும். அப்புறம் கலர் லைட். சீட் மட்டும் அவர் கையாலேயே தைத்தது: அசல் எருமைத்தோல், உள்ளே ரெண்டு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்ச். கையில் மிச்சம் ஆறாயிரத்து ஐந்நூறு.

முதல் வாடகைக்கு வந்தவள் சஃப்ரீன். கோவண்டியில் வீடு, வாஷியில் வேலை. ரெண்டே சுற்றில் திரும்பிவிட்டாள். பேன்ட்டெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்.

"அண்ணாச்சி, இது வண்டியா, சோபாவா? தண்ணியக் குடிச்சிட்டு வழுக்குது. டயர் ரோட்டுல ஓட்டுற டயர். பைசா வாபஸ் குடுங்க."

"எம்மா, இந்தத் தோலு கொலாபா ஷோரூம்ல கண்ணாடிக்குப் பின்னால இருக்குத் தெரியுமா? ஒனக்கு ஓட்டத் தெரியல, அதச் சொல்லு."

"அப்ப ஷோரூம்லயே வைங்க. சேத்துக்கு எதுக்குக் கொண்டாந்தீங்க?"

கூட்டம் சிரித்தது. "பைசா கிடையாது" என்றார். அவள் போய்விட்டாள். அன்றைக்கு வேறு யாரும் அந்த வண்டியைத் தொடவில்லை. அடுத்த ஞாயிறும் தொடவில்லை.

மூணாவது ஞாயிறு ஆறுமுகநயினார் தானே ஏறி உட்கார்ந்தார். சைலன்சர் உறுமியது. முதல் வளைவில் முன்சக்கரம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் எழுந்திருக்க மனசு வரவில்லை, சேற்றிலேயே உட்கார்ந்திருந்தார்.

அவர் பட்டறையில் பை வாங்க வருகிறவன் பித்தளைக் கொக்கியைத்தான் முதலில் பார்ப்பான். பாரம் தாங்குவதோ வாரின் அடித்தையல். கொக்கிக்கு ஆசைப்பட்டுத் தையலில் காசைக் குறைக்காதே என்று எத்தனை வியாபாரிகளோடு சண்டை போட்டிருக்கிறார்! அவர் வண்டிக்கு வாங்கியதெல்லாம் கொக்கி. அந்தப் பிள்ளை தையலைச் சொன்னாள். ஓட்டத் தெரியல என்று அவளைச் சொன்ன வாய் இப்போது சேற்றை அல்லவா துப்புகிறது?

வாடகை நோட்டில் அவள் நம்பர் இருந்தது. ரெண்டு நாள் கழித்துத்தான் போன் போட்டார்.

"எதை மாத்தணும்னு சொல்லுதியா?"

"மொதல்ல டயர்ல காத்தக் குறைங்க. அதுக்குப் பைசா வேண்டாம். மிச்ச காசெல்லாம் கட்டை கட்டையாப் பல்லு வச்ச பட்டன் டயருக்கு. பவர் வேணாம், பிடிமானம்தான் வேணும். முன்சக்கரத்தப் பிடிச்சிருக்கிற ஃபோர்க்ல ஆயில் ஒழுகுது, அதுக்கு சீல் மாத்துங்க. அப்புறம் கைப்பிடிய மறைக்கிற மாதிரி ஒரு ஹேண்ட் கார்டு. கீழ விழுந்தாலும் பிரேக் லீவர் ஒடியாது. அவ்வளவுதான்."

"சீட்டு?"

"ஒங்க ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால."

சைலன்சரைக் குர்லாவில் நாலாயிரத்துக்கு விற்றார். ஒரு மாதத்தில் ஐயாயிரம் நஷ்டம். பழைய சைலன்சரையே திரும்ப மாட்டினார். ரெண்டு பட்டன் டயர், ஃபோர்க் வேலை, ஹேண்ட் கார்டு எல்லாம் போகக் கையில் ரெண்டாயிரத்துச் சொச்சம் நின்றது. சீட்டுக்குப் பட்டறையில் கிடந்த ரெக்சின் துண்டே போதும். ஸ்பாஞ்சைப் பாதியாக அறுத்து, பின்னால் வழுக்காதபடி குறுக்கே மூணு வரம்பு வைத்து இறுக்கித் தைத்தார். இந்தத் தையலுக்கு எவன் குறை சொல்வான், சொல்லட்டுமே!

அவர் கூப்பிட்டதன் பேரில் ஞாயிறு சஃப்ரீன் வந்தாள். ரெண்டு சுற்றோடு நிற்கவில்லை. இருபது நிமிஷம் முடிந்து கையைக் காட்டியும் நிறுத்தாமல் இன்னும் ஒரு சுற்று போனாள். இறங்கும்போது முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளை. அவளோடு வந்த மூணு பேர் அதற்குள் வண்டிக்கு வரிசை கட்டிவிட்டார்கள்.

"சீட்டு யாரு போட்டது அண்ணாச்சி? ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு."

"யாரு போடுவா? தாராவியில வந்து கேட்டுப் பாரு."

அவள் சிரித்தாள். "சரி, அந்த ஐந்நூற இன்னைக்கு வாடகைல கழிச்சிருங்க. ஹிசாப் பராபர், கணக்கு நேராயிரும்."

கழித்துவிட்டால் சுலபம். யாருக்கும் தெரியாது. ஆறுமுகநயினார் சுற்றிலும் பார்த்தார். அன்றைக்குச் சிரித்தவர்களில் பாதிப்பேர் அங்கேதான் நின்றார்கள்.

"அது வேற, இது வேற. இன்னைக்கு நான் கூப்பிட்டு நீ வந்திருக்கே. இதுக்கு வாடகை கிடையாது." குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "அன்னைக்கு ஓட்டத் தெரியாதது ஒனக்கில்ல தாயி, எனக்குத்தான். கையுறையைக் கழட்டு."

அவள் கழற்றிக் கையை நீட்டினாள். சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரூபாய்த் தாள்களை எடுத்தார். ஒன்று, ரெண்டு என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சத்தமாக எண்ணி, பத்தையும் அவளுடைய விரித்த உள்ளங்கையில் வைத்தார்.