இலையின் அடிப்பக்கம்

பசையக்காவுக்கு இன்று கோபம் மூக்கு நுனியில் நின்றது. கல்லூரியின் உலர்செடிக் கூடத்தில், காய்ந்த செடிகளைத் தடித்த தாளில் பசை தடவி ஒட்டுவது இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. படிப்பு பள்ளியோடு சரி. ஆனால் அவுரி இனத்துக் குத்துச்செடி என்றால் கையில் வாங்கியதுமே சொல்லிவிடுவாள். பொடி இலைகள், இலைக்கக்கத்தில் இளஞ்சிவப்புப் பூங்கொத்து, உள்ளே விதைக்கு விதை தடுப்பு வைத்த ஒல்லிக் காய். உருப்பெருக்கியில் பார்த்தால் முடி ஒவ்வொன்றும் நடுவில் ஊன்றி, இரு பக்கமும் கை நீட்டிப் படுத்திருக்கும்.

எந்த அவுரி என்பதுதான் தலைவலி. அதற்கு இலையின் அடிப்பக்க முடியைப் பார்க்க வேண்டும். அதனால் தாளுக்கு ஓர் இலையையாவது குப்புறத் திருப்பி ஒட்டுவாள்.

போன மாதம் புதிதாக வந்த ஆய்வாளர் அதைத் தடுத்தார். படமெடுத்துக் கணினியில் ஏற்ற வேண்டுமாம்.

"அக்கா, எல்லா இலையும் மேல பாத்து இருக்கணும். ஒண்ணு மட்டும் கவுந்து கெடந்தா அசிங்கமா இருக்கு."

"அடியும் தெரியணும் சார். இல்லன்னா பேர் சொல்ல முடியாது."

"பேர் சொல்றது என் வேல. ஒட்டறது உங்க வேல."

அவர் சொன்னபடியே எல்லா இலையையும் மேல்நோக்கி ஒட்டினாள். அவர் பாறைமேட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே அவுரிக் கிளை அது. அன்று வீட்டில் கணவர், "யார் மேல கோவம்? பாத்திரத்தப் போட்டு இந்தப் பாடு படுத்தற?" என்றார்.

"இலை மேல."

அடுத்த வாரமே அந்த மேட்டை வெட்டிச் சாலை போட்டுவிட்டார்கள்.

இன்று ஆய்வாளர் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். இதுவரை யாருமே விவரித்து எழுதாத அவுரியாக இருக்கலாமாம். அடிப்பக்கத்தைப் பார்த்தால்தான் உறுதி. பறித்தபோதே பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை.

"ஒரே ஒரு இலைய எடுத்துக் குடுங்கக்கா."

"அன்னைக்கு என் வாய அடைச்சீங்க. இப்ப மந்திரமா போடறது?"

ஆனாலும் உட்கார்ந்தாள். ஈரப்பஞ்சு வைத்து ஊறவிட்டு, மெல்லிய கத்தியை நுழைத்தாள். முதல் இலை தூள் தூளானது. இரண்டாவது முழுசாக வந்தது. முடியெல்லாம் பசையோடு தாளிலேயே தங்கிவிட்டது. மூன்றாவதும் நான்காவதும் அதே கதிதான்.

"பசை சரியில்லன்னு எழுதிடலாமா?" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"பசைக்கு வாயில்ல. எனக்கு இருக்கு சார்."

பதிவேட்டில், 'ஆய்வாளர் சொன்னபடி எல்லா இலையும் மேல்நோக்கி ஒட்டப்பட்டது' என்று தேதி போட்டு எழுதினாள். தாளின் பெயர்ச்சீட்டில் அவுரி என்ற இனப்பெயர் மட்டும் ஏறியது. எந்த அவுரி என்று எழுதும் அடுத்த இடம் காலி. பெயர் தெரியாதவை கிடக்கும் அடித்தட்டில், முட்டி வலிக்கக் குனிந்து, தாளைச் செருகினாள்.

ஓர் இலை. அவருக்குத் தெரியாமல் திருப்பி ஒட்டியிருந்தால்தான் என்ன? தன்மேலேயே எரிச்சலாக வந்தது.