நான்கு அங்குலம் நீட்டிய பிரேக் பிடி

வங்காளத்தில், நியூ டவுனில் ஒரு தகரக் கொட்டகையில் கார் உதிரிகளுக்கு வெல்டிங் செய்து பிழைக்கிறேன். மனைவியும் மகளும் திருச்சியில். மகளின் படிப்புக்காக என்று சொல்லித்தான் போனார்கள், மூன்று வருடமாகிறது. இங்கே நாள் முழுக்க பெங்காலியும் இந்தியும்தான். வாரம் ஒரு தடவை போனில் தமிழ் பேசுவேன், அதுவும் மகளுக்கு டியூஷன் இல்லாவிட்டால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பேசி முடித்துத் திரும்பினேன். வாசலில் இரண்டு ஊன்றுகோல்களில் ஒரு அம்மாள் நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"நீங்க தமிழா? நல்லதாப் போச்சு" என்றார். "நாங்க தாத்தா காலத்துலேருந்து லேக் மார்க்கெட் பக்கம்தான். என் தமிழ்ல பாதி பெங்காலி இருக்கும், தப்பா எடுத்துக்காதீங்க."

தோள்பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பிடியை எடுத்தார். காலால் முடியாதவர்கள் கையால் பிரேக் அழுத்துவதற்கானது. ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் பொருத்துவார்கள். சாம்பல் நிறத்தில் வழவழவென்று பவுடர் கோட்டிங்.

"நாலு இஞ்ச் குட்டையா இருக்கு, கை எட்டல. இத்தனை நாள் தாதா, அதான் எங்க அண்ணா, அலிப்பூர் ஆபீசுக்குக் கொண்டு விடுவார். முடியாமப் படுத்ததும், லைசென்ஸ்தான் இருக்கே, இனிமே நீயே ஓட்டணும்னு படுக்கைலேருந்தே இதை ஆர்டர் பண்ணினார். அளவு தப்பாயிடுத்து. துர்கா பூஜைக்கு முன்னாடி போயிட்டார்."

"திருப்பி அனுப்பினா மாத்திக் கொடுப்பாங்களே, மேடம்?"

"வேற ஒண்ணு கொடுப்பாங்க. எனக்கு இதுதான் வேணும். கலர் கெடாமப் பண்ணித் தருவீங்களா?"

உள்ளதைச் சொன்னேன். பவுடர் கோட்டிங்மேல் நெருப்பு வைத்தால் அது புகைந்து, வெல்டிங் பற்றுக்குள் புகுந்து, ஊசித்துளையாக நின்றுவிடும். பிரேக்கில் அது கூடாது. "ஒட்டுற இடத்துல ரெண்டு இஞ்ச் சுரண்டித்தான் ஆகணும். மத்ததைக் காப்பாத்தறேன். சுரண்டின இடத்துக்குப் பெயிண்ட் அடிச்சுக்கலாம்."

"பண்ணுங்க. நான் உட்கார்ந்திருக்கேன்."

ரப்பர் உறையைக் கழற்றி, நுனியை இரும்பு வெளுப்பாகத் தெரியும்வரை தேய்த்து, அதே பருமனில் நான்கு அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றை வெட்டி அதில் பொருத்தி வைத்தேன். வெல்டிங் மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் கிளிப்பை அடியில் போல்ட் ஓட்டைக்குள் கடிக்க வைத்தேன். அங்கே கீறினாலும் வெளியே தெரியாது. கோட்டிங் உள்ள பகுதி முழுக்க ஈரத்துணி சுற்றினேன். ஆர்கான் வெல்டிங்கில் நகக்கண் அளவு பற்று ஒன்று வைப்பது, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுவது, பிறகு எதிர்ப்பக்கம் ஒன்று. அவசரப்பட்டால் சூடு கீழே ஓடி நிறத்தைத் தின்றுவிடும்.

ஆறும் நேரங்களில் அவர் பேசினார். "ஆபீஸ்ல பேச எத்தனையோ பேர். வீட்டுக்குள்ள போனா தமிழ் பேச ஆள் இல்ல. நேத்து நிலைவாசல்ல நின்னுண்டு 'வந்துட்டேன்'னு சொன்னேன், பழக்கத்துல."

எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். முகமூடியை இறக்கிக்கொண்டு கடைசிப் பற்றை வைத்தேன். துணி நழுவியிருந்ததைக் கவனிக்கவில்லை. கருகல் வாடை வந்த பிறகுதான் கையை எடுத்தேன்.

ஒரு பொட்டளவுக்குப் பழுப்பேறியிருந்தது. மறைக்க மனம் வரவில்லை, காட்டினேன்.

"தப்பு என்னோடதுதான் மேடம். பெயிண்ட் அடிச்சாலும் அந்த இடம் தனியாத் தெரியும்."

விரலால் தடவிப் பார்த்தார். "காருக்குள்ள இது எந்தப் பக்கம் வரும்?"

"இடது பக்கம். நீங்க உட்கார்ந்தாத் தெரியாது. பக்கத்து சீட்ல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

பிடியைத் திருப்பி என் கையில் கொடுத்தார். பிறகு, "அப்போ பரவாயில்ல" என்றார். "அங்க யாரும் இல்ல."

புதன்கிழமை அந்த அம்மாளையும் அவருடைய காரையும் அவர் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கொண்டுவந்து விட்டுவிட்டு, வேலை இருக்கிறதென்று பஸ் ஏறிப் போனார். பிடியைப் பொருத்தி, முழு பலத்தோடு பலமுறை அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. ஆளில்லாத ரோட்டில் அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பெயிண்ட் ஒரு சாயல் கருப்பாகவே இருந்தது. முதல் பிரேக்கில் இருவரும் முன்னால் போய் விழப் பார்த்தோம். அவர் சத்தமாகச் சிரித்தார். ஏழெட்டு தடவைக்குப் பிறகு கார் மெத்தென்று நின்றது.

"போதும், இறங்கிக்கோங்க. தனியாப் போய்ப் பார்க்கறேன்."

இறங்கினேன். திருப்பத்தில் பின்விளக்கு சிவப்பாக எரிந்தது, அணைந்தது. வண்டி நகரத்துப் பக்கம் திரும்பிவிட்டது.

பிடி ஆடுகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிடுவார் என சில வாரம் எதிர்பார்த்தேன். ஆடவில்லை போலிருக்கிறது.