அரை நாள் லீவும் ஆருத்ரா தரிசனமும்

"நான் செத்தாத்தான் மச்சான் எனக்கு லீவு. அன்னைக்கும் அரை நாள்தான்."

மூன்று வருஷத்துக்கு முன்னால், திருப்பாதிரிப்புலியூரில், மச்சான் லூயிஸின் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கியதற்கான புதுநன்மை விருந்து. அங்கே கையில் பிரியாணித் தட்டோடு மரிய அருள் வெளியிட்ட பிரகடனம் இது. லூயிஸ் ஒரு நிமிஷம் யோசித்தார். "எந்த அரை நாள் மாமா? முன்கூட்டியே சொல்லிட்டா அடக்கத்துக்கு ஃபாதர்கிட்ட டைம் வாங்கி வச்சிடலாம்" என்றார். பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள். மரிய அருள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே சொல்லியிருந்தார்.

மரிய அருளுக்கு வயது நாற்பத்தெட்டு. தினமும் காலை பாசஞ்சரைப் பிடித்துச் சிதம்பரம் போவார். மேல வீதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கிறது ஆபீஸ். கம்பெனி ஃபின்லாந்து நாட்டுக் கம்பெனி. பனியில் உறைந்த அந்த ஊர் மக்கள் வீட்டுக்குள்ளேயே ஓர் அறையைக் கட்டி, அதற்குள் உட்கார்ந்து வேர்த்துக்கொள்வார்களாம். அந்த அறைக்கான அடுப்பைக் கம்பெனி விற்கிறது. "சூடு பத்தவில்லை" என்று வரும் புகார்களுக்கு, சித்திரை வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டியபடி ஆறு பேர் சிதம்பரத்திலிருந்து அனுதாபத்துடன் பதில் எழுதுகிறார்கள். இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த மூளைக்கு இன்னும் எந்த விருதும் தரப்படவில்லை.

அவர்களில் ஒருவரும் மற்ற ஐவருக்கு மேனேஜரும் மரிய அருள். அப்படித்தான் விசிட்டிங் கார்டு சொல்லிற்று. கார்டை அச்சடித்தவர் அவரே.

லீவுப் பட்டியலும் ஃபின்லாந்திலிருந்துதான் வந்தது. ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு லீவு விட்டார்கள். ஆபீசில் வேலை பார்க்கும் கோவிந்தசாமி காலை பத்து மணிக்கு லுங்கியோடு வாசலில் நிற்பதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், வேலை போய்விட்டதோ என்று ரகசியமாக விசாரித்தார்.

"இல்லைங்க, லீவு. கோடை நடு நாளாம்."

"அக்னி நட்சத்திரமே முடிஞ்சு போச்சேய்யா?"

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதியோ, எதிர்ப் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஆறு பேரும் அடுப்புப் புகாரைப் படித்தார்கள். மரிய அருளுக்கு எல்லா நாளும் ஒன்றுதான். ஃபின்லாந்து லீவு நாளிலும் வந்து ஆபீசைத் திறந்து, விளக்கைப் போட்டு, தனியாக உட்கார்ந்திருப்பார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

இந்த நிலையில் போன கார்த்திகையில் கயல்விழி ஒரு காகிதத்தோடு வந்து நின்றாள். ஆபீசிலேயே கெட்டிக்காரி அவள். கொதித்துப்போய் எழுதுகிற ஃபின்லாந்துக்காரனும் அவள் பதிலைப் பார்த்தால் நன்றி சொல்லிவிடுவான்.

"என்னம்மா இது?"

"ராஜினாமா சார்."

அவள் வீட்டார் கோயில் கீழ சன்னதிப் பக்கம் பூக்கடை வைத்திருக்கிறார்கள். மார்கழித் தேரும் மறுநாள் ஆருத்ரா தரிசனமும்தான் அவர்களுக்கு அறுவடை. அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகிவிட்டது. அம்மா ஒருத்தியால் அந்தக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது. அந்த வருஷம் தேர் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. தரிசனத்தன்றுதான் சிக்கல். அதற்கு முந்தின வருஷம் அன்றைக்கு லீவு போட்டதற்குச் சம்பளத்தைப் பிடித்து, தவறாமல் வருகிறவர்களுக்கான ஊக்கத்தொகையையும் நிறுத்திவிட்டார்கள்.

"கலெக்டர் லீவு விடுறாரே?"

"அது ஸ்கூலுக்கும் கவர்மெண்டு ஆபீசுக்கும் சார். நமக்கு ஃபின்லாந்து கலெக்டர்தான் விடணும்."

கோவிந்தசாமி குறுக்கே வந்தார். அவருடைய தம்பி சிப்காட் தொழிற்சாலையில் இருப்பதால் சட்டம் அவருக்குச் சித்தப்பா வீடு மாதிரி. "சார், கம்பெனி எந்த ஊர்ல இருந்தா என்ன? ஆள் எந்த ஊர்ல உக்காந்து வேலை பாக்குறானோ அந்த ஊரு லீவுதான் குடுக்கணும். ஜனவரி இருபத்தாறு, மே ஒண்ணு, ஆகஸ்ட் பதினஞ்சு, அக்டோபர் ரெண்டு, நாலும் கட்டாயம். அதுக்கு மேல அஞ்சு பண்டிகை. அன்னைக்கு வேலை வாங்குனா ரெட்டைச் சம்பளம், இல்லாட்டி சம்பளத்தோட இன்னொரு நாள் லீவு."

அன்று மத்தியானமே சாப்பாட்டு டப்பாக்கள் முன்னிலையில் மாநாடு கூடியது. பொங்கல், தீபாவளி, பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ் நான்கும் எதிர்ப்பின்றி நிறைவேறின. ஐந்தாவது இடத்துக்கு ஆயுத பூஜையை முன்மொழிந்த, அறுவரில் இன்னொருவரான சுப்பிரமணியன், கயல்விழியின் முகத்தைப் பார்த்தார். "கம்ப்யூட்டருக்குப் பொட்டு முந்தின நாள் சாயங்காலமே வச்சிக்கலாம்" என்று பின்வாங்கினார். அந்த இடம் ஆருத்ரா தரிசனத்துக்குப் போனது. மரிய அருள் ஃபின்லாந்துக்குக் கடிதம் எழுதினார். ராஜினாமாவை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

பத்தாம் நாள் ஃபின்லாந்திலிருந்து, லீவும் சம்பளமும் பார்க்கும் பைவி அம்மாவின் பதில் வந்தது. எங்கள் தவறு, பட்டியலை ஏற்கிறோம் என்று ஆரம்பமே இனிப்பு. அடுத்த பத்தியில்தான் கசப்பு.

வருகைப் பதிவேட்டைப் பார்த்தோம். ஒவ்வொரு விடுமுறை நாளிலும் ஒருவர் மட்டும் அலுவலகத்தைத் திறந்திருக்கிறார். இனி ஒருவர் வந்தாலும் அன்று அலுவலகம் இயங்கியதாகவே பதிவாகும். வராத ஐவருக்கும் சம்பளம் பிடிக்கப்படும். எனவே விடுமுறை நாட்களில் வரமாட்டேன் என்று அவர் எழுதித் தந்தால்தான் புதிய பட்டியல் நடைமுறைக்கு வரும். மேலும், அவர் மேனேஜர் அல்ல, மூத்த உதவியாளர். ஆகவே சட்டம் அவருக்கும் பொருந்தும்.

கோவிந்தசாமி இதைச் சத்தமாகவே படித்துவிட்டார். 'மேனேஜர் அல்ல' என்ற வரியை மட்டும் இரண்டு தடவை.

மரிய அருள் வீட்டில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "அந்தப் பொண்ணோட வேலை உங்க ஒரு கையெழுத்துல நிக்குது. மேனேஜர் இல்லைன்னதுக்கா இம்புட்டு துக்கம்?" என்றாள் மனைவி ஜெயமேரி.

"அதில்ல. லீவு போட்டுட்டு நான் என்னாடி பண்ணுவேன்?"

உலகம் இதுவரை பதில் கண்டுபிடிக்காத கேள்வி அது. ஜெயமேரி பேனாவை எடுத்து நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஆருத்ரா தரிசனத்தன்று காலை, நாற்பத்தெட்டு வயதுக் கால்கள் வழக்கம்போல அவரை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போயின. ஆலப்பாக்கம் தாண்டும்போதே பெட்டியில் நிற்க இடமில்லை. சிதம்பரத்தில் இறங்கி மேல வீதிக்கு வந்து, மாடிப்படிக்குக் கீழே நின்று பூட்டை அண்ணாந்து பார்த்தார். பூட்டும் அவரைப் பார்த்தது. பிறகு கூட்டத்தோடு கீழ சன்னதிப் பக்கம் நடந்தார்.

கயல்விழி இடுப்பில் துணியைச் செருகிக்கொண்டு கதம்பத்தை முழம் போட்டு அறுத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

"சார்! ஆபீசைத் தொறந்துட்டீங்களா?"

அவர் சட்டைப் பையையும் பேண்ட் பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு ரயில் டிக்கெட் மட்டும் விழுந்தது. "சாவி ஜெயமேரிகிட்ட. காலையில நானே குடுத்துட்டு வந்துட்டேன்."

கத்தரிக்கோல் மறுபடி ஓடத் தொடங்கியது. "அப்ப இப்பிடி வந்து இந்த மாலையெல்லாம் கொஞ்சம் எடுத்துக் குடுங்க சார், அம்மா தனியா கஷ்டப்படுது."

"முடியாதும்மா" என்றார் மரிய அருள். "இன்னைக்கு எனக்கு லீவு."

கயல்விழியின் அம்மா சிரித்துக்கொண்டே கடைக்குள் ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டார். மரிய அருள் அதில் உட்கார்ந்து டீ குடித்தார். பூ விற்றுக்கொண்டே இருந்தது. கோயிலுக்குள்ளிருந்து மேளச் சத்தம் வந்தது. யாரும் அவரை எதற்கும் கூப்பிடவில்லை. கடைக் கடிகாரத்தில் மணி ஒன்றானது. அரை நாள் முடிந்துவிட்டது.

மரிய அருள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சுவரில் இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.