அறுக்காத பக்கங்கள்

கடல் கடந்து வந்து, பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ச் சங்கத்தில் பத்து வருஷமாகக் காப்பியங்களைப் பற்றிப் பேசிய நான், முன்னுரைகளைத் தாண்டி ஒன்றையும் படித்தவனல்ல.

மனைவியைப் பறிகொடுத்த ரயில்வே பிட்டர் செல்லையா ஒரு ஞாயிறு வீட்டுக்கு வந்தார். "அண்ணே, துணையை இழந்தவங்க புலம்புற பாட்டுன்னு பேசினீங்களே, கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

அந்தக் காப்பியப் புத்தகத்தை எடுத்தேன். முன்னுரைக்கு அப்பால், அச்சகத்தில் மடித்த தாள்கள் ஓரம் அறுக்கப்படாமல் ஒட்டியே இருந்தன. செல்லையா அதைப் பார்த்துவிட்டார். "பரவால்லண்ணே, உங்களுக்கு வேலை இருக்கும்" என்று எழுந்து போனார்.

அன்றே கத்தியால் அறுத்துப் படித்தேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் புத்தகத்தோடு அவர் குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். வேலையை விட்டுச் சொந்த ஊருக்கே கப்பலேறிவிட்டார் என்றார்கள்.

இப்போது தினமும் படிக்கிறேன். படித்ததை மட்டுமே பேசுகிறேன். போன மாதம் அந்தப் பாட்டைப் பேச எழுந்தவன், செல்லையா ஞாபகம் வந்து பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

செயலாளர் குனிந்து கேட்டார்: "என்னண்ணே, இந்த வாட்டி படிக்காம வந்துட்டீங்களா?"