பத்து நிமிடச் சாட்சி

“முதற்படியைப் பத்து நிமிடம் தடையின்றிச் செய்ததை ஒருவர் கூடவே இருந்து பார்த்து ஒப்பமிட்டாலன்றி, பயில்பவர் இரண்டாம் படிக்குப் போகலாகாது.” அத்தானுக்கு மின்னஞ்சலில் வந்த பாடத்தின் முதற்பக்கத்தில் இந்த விதி இருந்தது. ஹெர்மெற்றிக் எனப்படும் பழைய மேல்நாட்டுத் தியானமுறை அது. என் அக்காவின் கணவரான அவர், கணித ஆசிரியராக ஓய்வுபெற்றபின் நித்திரை வராமல் அவதிப்பட்டு, வெளிநாட்டு வழிகாட்டி ஒருவரிடம் அதைப் பயிலச் சேர்ந்தார். சாட்சியாக என்னைப் பிடித்தார். ஆயுள் முழுக்க அரச கந்தோரில் ஒப்பமிட்டவன் என்பதே என் தகுதி.

“நீர் கந்தோரிலை கண்ணைத் திறந்துகொண்டே நித்திரை கொண்டனீர். உமக்கு உந்தப் பயிற்சி தேவையில்லை. மணிக்கூட்டை மட்டும் பாரும்” என்றார்.

கோப்பாய் வீட்டின் முன்னறையில் அவர் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தார். எதிரே பிரம்புக் கதிரையில் நான். கால்விரலில் தொடங்கி ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்தி, வரும் எண்ணங்களைப் பிடிக்காமல் போகவிட்டு, மனம் வெறுமையானதும் அதிலேயே நிற்கவேண்டும். அப்படி நிற்கத் தெரிந்தவனுக்கே பின்னர் போகும் இடத்திலிருந்து மீளத் தெரியும் என்று பாடம் சொல்லியது. மூன்றாம் நிமிடத்தில் அவருடைய கை கதிரைப் பிடியிலிருந்து நழுவித் தொங்கியது. அதே நேரம் அக்கா பனங்கட்டியுடன் தேநீர் வைத்திருப்பதாகக் குசினியிலிருந்து சைகை காட்டினாள். எழுந்து போனேன். திரும்பியபோது அவர் கண் விழித்திருந்தார்.

“பத்தும் சரியோ?”

“சரி” என்று ஒப்பமிட்டேன். ‘நேரிற் கண்டேன்’ என்றும் எழுதினேன், அது கைப்பழக்கம்.

இரண்டாம் படி, எதிரேயுள்ள பொருளொன்றினுள் மனத்தைச் செலுத்துவது. தைப்பூசத்துக்கு அடுத்த நாள் பின்னேரம் நான் போனபோது அவர் கண்மூடிக் கிடந்தார். சத்தமில்லாமல் பிரம்புக் கதிரையில் உட்கார்ந்தேன்.

“எழும்பும், காணும். பாரமாக் கிடக்கு” என்றார், கண் திறவாமல்.

சிரித்துக்கொண்டே எழுந்தேன். பாரம் விலகியதுபோல் அவர் நெஞ்சு ஏறி இறங்கியது. மறுநாள் அவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்கையில், பழைய பத்திரிகைக் கட்டைத் தூக்கி அந்தக் கதிரையில் வைத்துவிட்டு யன்னலால் பார்த்தேன். நீர் வார்க்கும் கை அப்படியே நிற்க, அவருடைய தோள்கள் மெல்லக் கீழே இறங்கின. கட்டை எடுத்தேன். நிமிர்ந்தார். அதற்குப் பிறகு நான் எதையும் அங்கே வைக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் சாப்பிடுவார், நடப்பார்; ஏதும் கேட்டால் மட்டும் பதிலுக்குக் காத்திருக்கவேண்டும். “ஓம்” என்று வாய் அசைவதற்குச் சற்று முன், ஆளில்லாத கதிரையில் பிரம்பு கிறீச்சிடும்.

“தம்பி, நீ பத்து நிமிசமும் பார்த்தனிதானே?” என்று அக்கா கேட்டாள்.

“ஓமக்கா, முழுக்கப் பார்த்தனான்.”

வழிகாட்டிக்கு அத்தானின் முகவரியிலிருந்து அன்றே எழுதினேன். நடந்ததை விவரித்து, மீட்கும் வழி கேட்டேன். நான் எழுந்து போனதை எழுதவில்லை. மாதம் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். கந்தோரில் எத்தனையோ பேருக்கான பதில்களை நானே போகவிடாமல் வைத்திருந்தவன் என்பதால் எனக்குப் பொறுமை உண்டு. அக்காவுக்கு அது இல்லை. நாள்தோறும் அந்தக் கதிரையைத் துடைத்துவிட்டு, அத்தானின் கைபேசியைத் திறந்து பார்ப்பாள்.

கடைசியில் அவள்தான் பதிலை வாசித்தாள், உரக்க. “சாட்சி இடையில் எழுந்துபோயிருந்தால் மட்டுமே இப்படி நேரும். அவர் பயில்பவருக்கு எதிரே அமர்ந்து அந்தப் பத்து நிமிடத்தையும் எழும்பாமல் முடிக்கட்டும். இது நேர்ந்து ஏழு நாளுக்குள் செய்தால் மட்டுமே பயில்பவர் மீள்வார்.”

கைபேசியைத் தாழ்த்தி என்னைப் பார்த்தாள்.

“எழும்பினனியே?”

“ஓம்” என்றேன்.

அவள் அழவில்லை. விரல்விட்டு மாதங்களை எண்ணத் தொடங்கினாள். அன்று ஆடி அமாவாசைக்கு மறுநாள்.